நாளை முதல் நடக்கிறேன்!

தேகாப்பியாசம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு எப்போதாவது வந்ததுண்டா? எனக்கு அடிக்கடி வரும். பெரும்பாலும் இரவுச் சாப்பாடு முடிந்து, கட்டிலில் சாய்ந்திருக்கும்போது வரும். "நாளை முதல்!" என்று தீர்மானம் செய்துகொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். பொழுது விடிந்து பார்த்தால், அந்த 'நாளை' இன்னும் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும்.

விஷயம் தெரியாமல் இல்லை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வதை நானே பத்திரிகையில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். லண்டன் பஸ் தொழிலாளர்களைப் பற்றி ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் வெளியிட்ட ஆராய்ச்சியையும் எழுதினேன். நாள் முழுவதும் உட்கார்ந்தே வண்டி ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று அவர் கண்டுபிடித்தார். கட்டுரை பிரமாதம் என்றார் ஆசிரியர். அதை எழுதி முடிக்கிற வரையில் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை!

பிறகு பயம் வந்தது. போன வருஷம் ரத்தப் பரிசோதனை செய்ததில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 6.1 என்று வந்தது. எனக்கு வயது 36. "5.7 வந்தாலே எச்சரிக்கை; 6.5 வந்துவிட்டால் வியாதி" என்றார் டாக்டர். அந்த வியாதியைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பாவின் வலது காலில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. செருப்பு கடித்த ஒரு சின்னப் புண், அவர் கவனிப்பதற்குள் மற்ற இரண்டையும் கொண்டுபோய்விட்டது.

பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் மூன்று சொல்வார்கள். மூன்றும் நிலைக்காதவை. நான்காவதாக 'லாபரட்டரி வைராக்கியம்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மறுநாளே பூட்ஸ் வாங்கினேன். ஒன்பது நாள் நடந்தேன். பத்தாம் நாள் மழை. பதினோராம் நாள் மழை இல்லை. ஆனால் வரும்போல் இருந்தது! பன்னிரண்டாம் நாள் பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் அம்மா சொன்னாள்: "அப்பாவைத் தினம் மெதுவா நடக்கச் சொல்லியிருக்கார் டாக்டர். ஆனா தனியா அனுப்பக் கூடாதாம். நீதான் கூடப் போகணும்."

தட்ட முடியுமா? எங்கள் வீடு திருவல்லிக்கேணியில். கூப்பிடு தூரத்தில் கடற்கரை. விடியற்காலை ஐந்தரைக்கு, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பா கைத்தடியால் வாசற்படியில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டுவார். கண்ணகி சிலையிலிருந்து உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்புவோம். 1959-லிருந்து அங்கே பாறையைத் தள்ளிக்கொண்டிருக்கும் நால்வரையும் பார்த்து, "இவங்களுக்கு லீவே கிடையாதுடா" என்பார் அப்பா. எனக்குச் சொல்கிறாரா, அவர்களுக்காக வருத்தப்படுகிறாரா என்று தெரியாது.

ஒரு நாள் பத்திரிகை வேலை முடிந்து வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிட்டது. விழித்தபோது மணி ஏழு. வாசலுக்கு ஓடினேன். அப்பா செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டு வந்துட்டீங்களா, அப்பா?"

"எங்கேடா போறது? தனியாப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே. நீ நல்லாத் தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வரலை."

ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார்! அதற்குப் பிறகு நான் தூங்கிப்போனதில்லை.

ஒரு நாள் தவறிவிட்டதே என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 96 பேரைக் கவனித்து, 2010-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரு காரியம் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாறுவதற்குச் சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம். நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்றும் கண்டார்கள். அப்படியானால், மழை பெய்த அன்று நான் தோற்றுப்போகவில்லை. மறுநாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அங்கேதான் தோற்றேன்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் என் சர்க்கரைக் கணக்கு 5.8. இன்னும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. ஆனால் இறங்கு முகம்.

அப்பாவின் காலைக் காட்டுவதற்காக அதே டாக்டரிடம் போயிருந்தோம். "நீங்கள் சொன்னபடி இவரைத் தனியாக விடுவதே இல்லை, டாக்டர்" என்றேன் பெருமையோடு.

"தனியாகப் போகக் கூடாது என்று நான் சொல்லவே இல்லையே! தாராளமாகப் போகலாம்" என்றார் அவர்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தும் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உற்சாகம் வரட்டும் என்று நீங்களும் காத்திருக்கிறீர்களா? வேண்டாம். அது பாதி வழியில்தான் வந்து சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக, உங்களுக்காகக் காத்திருக்க ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தம்பியோ, எதிர் வீட்டு மாமியோ, ஆபீஸ் சிநேகிதரோ, யாராயிருந்தாலும் சரி. வீட்டில் வயதான அப்பா இருந்தால் இன்னும் விசேஷம்.

மணி பத்தாகிறது. பூட்ஸை வாசலில் எடுத்து வைத்துவிட்டேன். காலையில் ஐந்தரைக்குத் தட்டும் சத்தம் கேட்கும். வரட்டுமா?