ஒத்திகை இல்லாத மேடை

மதுரையிலும் புதுக்கோட்டையிலும் காரைக்குடியிலும் உள்ள நடிகர் சங்கங்களைச் சார்ந்து ஜீவனம் நடத்தும் ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கு ஒத்திகை என்பதே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் இன்னோர் ஊரிலிருந்தும் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, பல சமயங்களில் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்களாகவே முகத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டு, இரவு பத்து மணிக்கு மேடை ஏறி, விடியும் வரையில் நாரதராகவும் வள்ளியாகவும் முருகனாகவும் நின்றுவிட்டுத் தத்தம் வழியே பிரிந்து போகிறார்கள். சேர்ந்து ஒரு முறையேனும் பழகிப் பார்க்காத பத்துப் பேரைக் கொண்டு ஓர் இரவு முழுவதையும் நடத்திச் செல்லும் அந்த வித்தையை அருகிலிருந்து அறிய வேண்டும் என்ற ஆவலினால், ஒரு பங்குனி மாதத்தில், சிவகங்கைச் சீமையிலுள்ள கிராமம் ஒன்றின் மாரியம்மன் திருவிழாவுக்குப் போனேன்.

அன்றைய நாடகம் வள்ளி திருமணம். ஊர் முகப்பிலுள்ள டீக்கடைச் சுவரில் அதற்கான நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நடிகர் ஒவ்வொருவருடைய படமும், படத்தின் கீழே பெயரும் ஊரும், ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் அவரவர்க்குரிய பட்டங்களும் அதில் அச்சாகியிருந்தன. கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை. ஏனெனில் கம்பெனி என்று ஒன்று இல்லை. ஊர்ப் பெரியவர்கள் அமைப்பாளர் ஒருவரிடம் சொல்லிவிட, அவர் நடிகர்களைத் தனித்தனியே பேசித் தேதி வாங்கிச் சேர்த்துவிடுகிறார். சம்பளமும் தனித்தனிதான்.

மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி மறைத்த இடத்தில், தகரப் பெட்டியின் மூடியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ராஜபார்ட் நடிகர் புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். சமிக்கி தைத்த வெல்வெட் உடையும் கிரீடமும் அவருடைய சொந்தச் சொத்து. நடிகன் தன் உடையைத் தானே சுமந்து வருவது இத்தொழிலின் நியமம். வள்ளியாக வரவிருந்த அம்மையார், துணைக்கு வந்திருந்த தம்பியைப் பூ வாங்க அனுப்பிவிட்டுத் திரும்பி, “அண்ணே, உங்களுக்கு எத்தனை கட்டை?” என்று அவரிடம் கேட்டார். அவர் தம் சுருதியைச் சொன்னார். ஆர்மோனியக்காரர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அந்த இரவுக்கு அவர்கள் செய்துகொண்ட முன்னேற்பாடு என நான் கண்டது அவ்வளவே.

இந்தத் துணிவுக்கு ஆதாரமாக நிற்பவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ஆம் வருஷம் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் காலமான அம்மகான் இயற்றிய வள்ளி திருமணமும், பவளக்கொடியும், கோவலனும், சத்தியவான் சாவித்திரியும் இந்நடிகர்கள் அனைவருக்கும் பொதுவான பாடம். சனீசுவரனாக அவர் வேஷம் தரித்து வந்த கோலத்தைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருத்தியின் கரு கலைந்ததென்றும், அந்த மனவேதனையினால் அவர் வேஷத்தைத் துறந்து ஆசிரியராகவே எஞ்சிய நாட்களைக் கழித்தாரென்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். வாத்தியாரிடம் குருகுல முறையில் பாடம் கேட்டவர்களும், மூத்த நடிகர்களின் அருகிருந்து கற்றவர்களும் இன்ன இடத்தில் இன்ன விருத்தம், அதன்பின் இன்ன பாட்டு என்ற கிரமத்தை மனத்தில் பதித்திருக்கிறார்கள். அந்தக் கிரமத்துக்கு இடையிடையே வரும் வசனம் மட்டும் அன்றைய இரவுக்கு அன்றே பிறப்பது.

பத்து மணிக்குப் பபூன் வந்தார்; டான்ஸ் ஆடும் பெண்ணோடு வாதாடிச் சிரிக்க வைத்தார். பிறகு நாரதர் பிரவேசம். அவர் தினைப்புனத்தை அடைந்து வள்ளியைச் சந்தித்தபோதுதான், நான் தேடிப்போன விஷயம் என் கண்முன் தொடங்கியது.

தர்க்கம் என்று அதற்குப் பெயர். இல்லறம் துறவறம் பற்றி நாரதர் கேள்வி தொடுக்கிறார். தினைக் கதிரைக் காக்கும் குறப்பெண், குறளையும் சித்தர் வாக்கையும் துணைக்கொண்டு அதை மறுத்துரைக்கிறாள். எதிராளி எந்தக் கேள்வியைத் தொடுப்பார் என்பது இருவருக்கும் தெரியாது. எந்தப் பாட்டில் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். பாதை நிச்சயமில்லாமல் இலக்கு மட்டும் நிச்சயமாயுள்ள அந்தப் பயணத்தில், ஒருவர் பேசும்போது மற்றவர் வெறுமனே நிற்பதில்லை. ஒரு சொல்லையும் நழுவவிடாமல் வாங்கிக்கொள்கிறார். நள்ளிரவுக்குப் பின் ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தை எடுக்க வேண்டிய இடத்தில் அம்மையாருக்கு நினைவு தடுமாறியது. ஆர்மோனியக்காரர் முந்திய அடியின் ஸ்வரத்தையே சுற்றிச் சுற்றி வாசித்தார். அதற்குள் நாரதர் சிப்ளாக்கட்டையைத் தட்டி ஓரடி முன்வந்து, கோபங்கொண்டவர் போல ஒரு கேள்வியைப் போட்டார். மறந்த சரணத்தின் முதல் இரண்டு சொற்களும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தன. அம்மையார் அவற்றைப் பற்றிக்கொண்டு பாடி முடித்தார். முன் வரிசையிலிருந்த கிழவர்கள் கைதட்டினார்கள். அது வள்ளியின் சாமர்த்தியத்துக்கு என்றே அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

இடைவேளையில் இதைப் பற்றி நாரதரிடம் கேட்டேன். “எம் பாட்டு மட்டும் தெரிஞ்சா நான் பாதி நடிகன்தாங்க ஐயா. எதுத்தாப்புல நிக்கிறவங்க பாட்டும் தெரிஞ்சாத்தான் விடியிற வரைக்கும் மேடையில நிக்க முடியும்” என்றார். நடிப்புக் கலையைப் பற்றி நான் கேட்ட இலக்கணங்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

வாத்தியக்காரர்களையும் நடிகர்கள் என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் சுருதி ஒன்றாயிராது. பாட்டு கைமாறும் ஒவ்வொரு தடவையும் இருவரையும் சிரமப்படுத்தாமல் ஆர்மோனியக்காரர் சுருதி மாற்றி வாசிக்கிறார், பின்பாட்டும் பாடுகிறார். பபூன் இடறி விழுந்தால் அந்த விழுகைக்குச் சப்தம் கொடுப்பவர், பல தாளக் கருவிகளைச் சேர்த்து வாசிக்கும் ஆல்ரவுண்ட்காரர். அவர் ஒரு கணம் பிந்தினாலும் சிரிப்பு செத்துப்போகும்.

இந்த மேடை பெற்றெடுத்த மகாகலைஞர்களை நினைக்கையில் நெஞ்சு நிறைகிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டிய சாரீரம் படைத்த செங்கோட்டைக் கிட்டப்பா 1933இல் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவருடைய துணைவி கே. பி. சுந்தராம்பாள் 1953இல் ஔவையாராகத் திரையில் தோன்றியபோதும் மேடையில் பழகிய அதே கம்பீரத்தோடுதான் பாடினார். தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை புகுந்த விஸ்வநாத தாஸ், 1940ஆம் வருஷத்தின் கடைசி நாளில், சென்னையில் முருகன் வேஷத்தோடு மயில் வாகனத்தில் வீற்றிருந்தபடியே உயிர் நீத்தார். தமிழ்ப் பேசும் படம் 1931இல் பிறந்து நடக்கத் தொடங்கியபோது அதன் கையைப் பிடித்துக்கொண்டவர்களும் நாடக மேடைக்காரர்களே. தியாகராஜ பாகவதரின் முதற்படமான பவளக்கொடி, 1934இல், மேடையில் பலகாலம் ஆடிய கதையைத் தழுவியே வந்தது. சினிமா நடிகனின் கலையை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். முகத்துக்கு வெகு அருகில் வந்து நிற்கும் காமிராவின் முன் கண்ணிமையைக் கொண்டே துக்கத்தை உணர்த்துவது அரிய காரியம். ஆயினும் அங்கே பிசகினால் மறுபடியும் எடுக்கலாம். எதிரில் நிற்க வேண்டியவர் இல்லாமலே கூட ஒருவருடைய முகத்தைத் தனியே எடுத்துவிடலாம். எதிராளியின் மூச்சைக் கேட்டு நடிக்கும் வித்தையை அந்தச் சௌகரியம் கொஞ்சம் மங்கச் செய்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

விடியும் தறுவாயில் வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும் வாதம் முற்றி, முருகன் கிழவராக வந்து வெல்ல, கல்யாணமும் நடந்தேறியது. தாய்மார்கள் கைகூப்பி நின்றார்கள். ஊரே வணங்கிய அந்த அம்மையார் வேஷத்தைக் கலைத்த பிறகு என்னிடம் சொன்னது வேறு கதை. வாடகைக்கு வீடு தேடிப்போனால், தொழிலைச் சொன்னவுடன் முகங்கள் மாறிவிடுகின்றனவாம். மகளின் பள்ளிக்கூடத்தில் தாம் நாடகக்காரி என்பதை இன்னும் சொல்லவில்லையாம். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் நாடகம் இல்லை. தையில் வரப்போகும் அட்வான்ஸை நம்பிக் கடன் வாங்குவதே வழக்கமாம். மேடையில் தெய்வமென்று கும்பிட்டவளுக்குக் கீழே ஒரு வீடு கொடுக்க மறுக்கும் சமூகத்தை எந்தச் சமாதானத்தாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சம்பளம் வந்தது. பெட்டிகளைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். ராஜபார்ட் நடிகர், கிழவர் காட்சியில் வள்ளி சற்று முந்திச் சிரித்துவிட்டதை அன்போடு சுட்டிக் காட்டினார். “சரிங்கண்ணே, இனிமே பாத்துக்கிறேன்” என்று அம்மையார் ஒப்புக்கொண்டார். அன்றிரவு மானாமதுரைப் பக்கத்தில் அவருக்குச் சாவித்திரி வேஷம். சத்தியவான் யார் என்று விசாரித்தேன்.

“புதுக்கோட்டைத் தம்பி ஒருத்தராம். இன்னும் பாத்ததில்லீங்க” என்று சொல்லிக்கொண்டே, வந்து நின்ற பஸ்ஸில் பெட்டியை ஏற்றினார்.