ஒரு மணி நேரச் சம்சாரம்

வெளிநாட்டில் படிக்கும் தம்பதி என்றதும் நம்மில் பலருக்கு ஒரு படம் மனத்தில் எழுகிறது. கடற்கரை, கம்பளிச் சட்டை, கையில் காப்பிக் கோப்பை, பின்னால் ஏதோ ஒரு பெரிய பாலம். இந்தப் படங்களைத் தம்பதிகளே எடுத்து அனுப்புகிறார்கள். ஆகவே நம்மைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு நாட்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை.

2025 ஆகஸ்டில் அந்த ஆறு நாட்களைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மெல்போர்னில் என் அக்காள் மகள் வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். வீடு என்பது மரியாதைக்காகச் சொன்னது. மூன்று அறை கொண்ட ஒரு வீட்டில் ஓர் அறை அவர்களுடையது. மற்றோர் அறையில் ஒரு நேபாளத் தம்பதி. மூன்றாவதில் இரண்டு பஞ்சாபிப் பையன்கள். ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு. கூடத்து சோபாவில் நான்.

அந்த சோபாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் வேண்டாத மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் வீட்டு வாசல் புல்தரையில் வைத்துவிடுகிறார்கள். நகரசபை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். வண்டி வருவதற்கு முன்னால் மாணவர்கள் வந்துவிடுகிறார்கள். என் சோபா, அவர்களுடைய படிப்பு மேஜை, புஸ்தக அலமாரி மூன்றும் இப்படி வாசலில் கிடைத்தவை. ராத்திரி எட்டு மணிக்கு, குளிரில், மேஜையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கணவனும் மனைவியும் மூன்று தெரு நடந்து வந்தார்களாம். கல்யாண ஊர்வலத்தைவிட அது நன்றாக இருந்தது என்றாள் என் அக்காள் மகள்.

பேட்டையின் பெயர் கிளேட்டன். 1961-ல் மோனாஷ் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட இடம். இன்று அதன் கடைத்தெருவில் இட்லி அரிசியும் முருங்கைக்காயும் கிடைக்கின்றன. கறிவேப்பிலை மட்டும் தங்கம். ஜன்னலோரம் ஒரு தொட்டியில் ஒரு கன்று வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அது உயிரோடு இருப்பதையே பெரிய உபகாரமாகக் கருத வேண்டும். இலை கேட்பது பாவம்.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆகஸ்டு அங்கே குளிர்காலம். இட்லி மாவு பொங்காது. அதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்திருக்கிறார்கள். மின்சார அடுப்புப் பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, அடுப்பை மூட்டாமல் உள்ளேயிருக்கும் விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். காலையில் மாவு பாத்திரத்தைத் தாண்டி நிற்கிறது! ஆனால் சாம்பாருக்கு மிளகாய் தாளித்தால் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி ஊரைக் கூட்டுகிறது. ஒருவர் தாளிக்க, மற்றவர் துண்டை எடுத்துக் கூரையை நோக்கி வீச வேண்டும். இது இரண்டு பேர் செய்கிற வேலை. இவர்கள் வீட்டிலோ இரண்டு பேர் சேர்ந்து இருப்பது அபூர்வம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

என் அக்காள் மகள் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டத்துக்குப் படிக்கிறாள். மாப்பிள்ளை கோயமுத்தூரில் ஒரு பம்பு தொழிற்சாலையில் டிசைன் எஞ்சினீயராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு அவளோடு வந்தார். இவர்கள் விண்ணப்பம் போட்டது 2024 கடைசியில். அந்த வருஷம் மே மாதத்திலிருந்து, படிப்புச் சம்பளமும் பிரயாணச் செலவும் போக, மாணவர் பேரில் 29,710 டாலரும் கூட வரும் துணைக்கு 10,394 டாலரும் இருப்புக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நம் பணத்தில் சுமார் இருபத்திரண்டு லட்சம். விசாக் கட்டணம் ஜூலையில் 710 டாலரிலிருந்து ஒரே தாவாக 1,600 ஆகியிருந்தது. (அடுத்த ஜூலையில் 2,000!) அக்காள் வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருக்கிறது. கல்லூரியைப் பாதியில் நிறுத்தியவன் நான். படிப்புக்கு இவ்வளவு விலை உண்டு என்று தெரிந்திருந்தால் நிறுத்தியதற்காக அப்பா என்னைப் பாராட்டியிருப்பார்.

அந்த ஊரில் மாதக் கணக்கு செல்லாது. வாடகையை வாரத்துக்கு இவ்வளவு என்கிறார்கள். மற்றதெல்லாம் இரண்டு வாரக் கணக்கு. நம் பஞ்சாங்கத்தில் வளர்பிறை, தேய்பிறை என்று பட்சம் வருகிறதல்லவா, அதைப் போல. படிக்க வந்தவர், பாடம் நடக்கும் காலத்தில், ஒரு பட்சத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. 40 ஆக இருந்ததை 2023 ஜூலையில் 48 ஆக்கினார்கள். ஆனால் முதுகலை படிப்பவரின் கணவனுக்கோ மனைவிக்கோ இந்த வரம்பு கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உழைக்கலாம். மாப்பிள்ளை உழைக்கிறார்.

தோட்டச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்கில் ராத்திரி வேலை. பத்து மணிக்கு ஆரம்பம். காலை ஆறு மணிக்கு முடிவு. பெட்டி இறக்குவது, பெட்டி அடுக்குவது. வீட்டுக்கு வரும்போது ஏழாகிவிடும். எட்டு மணிக்கு அவள் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புகிறாள். அவள் எழுந்த கட்டிலில் அவர் படுக்கிறார். கட்டிலின் சூடு ஆறுவதே இல்லை. மாலை ஐந்து மணிக்குமேல் அவள் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனால், திரும்புமுன் அவர் கிளம்பிவிடுகிறார். பாக்கி சமாசாரங்கள் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டில் எழுதி ஒட்டப்படுகின்றன. 'பால் இல்லை.' 'வாடகை கட்டியாச்சு.' 'மாமாவுக்கு வெந்நீர் போட்டுக் கொடு.' 'உனக்குத் தொண்டை வலி எப்படி?' கடைசிச் சீட்டுக்குப் பதில் மறுநாள்தான் வந்தது: 'தேவலை.'

ஆகக் கூடி அவர்களுடைய சம்சாரம் காலை ஏழிலிருந்து எட்டு வரை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் டெலிபோனை எடுப்பதில்லை. காப்பி போட்டுக்கொண்டு, பின்வாசல் படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். என்னதான் பேசுவார்களோ! ஒரு நாவலாசிரியனுக்கு இருக்க வேண்டிய கெட்ட குணம் எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த நேரத்தில் சோபாவில் தூங்குகிறவனைப் போலப் படுத்திருந்தேன்.

இதெல்லாம் கும்பகோணத்திலிருக்கும் என் அக்காளுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு 'லாஜிஸ்டிக்ஸ்' என்று சொல்லி வைத்திருந்தாள் மகள். நல்ல சொல். கப்பல் கம்பெனித் தலைவருக்கும் பொருந்தும், பெட்டி தூக்குகிறவருக்கும் பொருந்தும். ஆனால் அக்காள் காலை ஆறு மணிக்குக் காப்பி குடித்துவிட்டு மகளைக் கூப்பிடுகிறவள். குளிர்காலத்தில் மெல்போர்ன் நமக்கு நாலரை மணி முன்னால் ஓடுகிறது, அங்கே பத்தரை. "மாப்பிள்ளை எங்கே?" என்றால் "தூங்குறார்மா" என்றுதான் பதில் வரும். ஆறு மாதமாக இதே பதில். நான் கிளம்பும் முன் அக்காள் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, பத்தரை மணி வரைக்கும் தூங்குற மனுஷனுக்கு எந்த ஆபீஸ்லே வேலை கொடுப்பான்? பொண்ணு சம்பாத்தியத்துலே உட்கார்ந்து சாப்பிடுறாரோன்னு எனக்குப் பயமா இருக்கு. நீ போய்ப் பார்த்து உள்ளதைச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அக்காளை மட்டும் குறை சொல்ல முடியாது. அங்கே குடியேறியிருக்கும் நம்மவர் எல்லாரும், படிக்க வந்தவரின் துணையைக் குறிப்பிட ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'டிபெண்டண்ட்'. சார்ந்து வாழ்கிறவர். அந்த வீட்டில் யார் யாரைச் சார்ந்து வாழ்கிறார் என்று எந்தக் கணக்குப்பிள்ளை சொல்ல முடியும்? ஆனால் விருந்துக்குப் போனால் அவரை, "நீங்கள் டிபெண்டண்டா?" என்றே விசாரிக்கிறார்கள்.

அந்தத் தேசத்தின் வாசலில் சொல் எப்போதுமே பெரிய காவலாளியாக இருந்திருக்கிறது. வெள்ளையர் அல்லாதாரைத் தடுப்பதற்கு 1901-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதில் நிறம் என்ற பேச்சே இராது. ஐம்பது வார்த்தை சொல்வார்கள், எழுதிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். எந்த ஐரோப்பிய பாஷை என்பது அதிகாரியின் இஷ்டம். 1934-ல் எகான் கிஷ் என்ற பத்திரிகையாளர் வந்தார். அவர் செக்கோஸ்லோவாக்கியா தேசத்தவர், வெள்ளைக்காரர்தான். ஆனால் அவருடைய அரசியல் சர்க்காருக்குப் பிடிக்கவில்லை. பல பாஷை கற்றவரான அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள். (கேலிக்காகச் சொல்லவில்லை, பெயரே அதுதான்.) நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. பரீட்சை 1958-ல் ஒழிந்தது. 1973-ல் நிறக் கொள்கைக்கே முடிவு கட்டினார்கள். இன்று வாசல் திறந்திருக்கிறது, உண்மை. ஆனாலும் உள்ளே நுழைகிறவர் முதுகில் ஏதாவது ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் மாலை மாப்பிள்ளை மாவு அரைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "போன மாசம் ஒரு ராத்திரி மூலை கிழிஞ்ச பெட்டி ஒண்ணு வந்தது மாமா. ஒட்டுறதுக்காகப் பிரிச்சேன். உள்ளே கோயமுத்தூர் பம்பு. நம்ம கம்பெனி இல்லை, வேறே. கையிலே எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தேன். வார்ப்பு நல்லா இருந்தது. திரும்ப வச்சு ஒட்டிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்ததாக எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது இல்லை.

அக்காளிடம் என்ன சொல்வது என்பதில் அவர்களுக்குள் பேதம் இருந்தது. "சொல்லிடாதீங்க மாமா, சம்பந்தி வீடு வரைக்கும் போயிடும்" என்றாள் அவள். "அத்தைகிட்டே தாராளமாச் சொல்லுங்க. மணிக்கு 24 டாலர் 95 சென்ட்டுக்குக் கீழே இங்கே யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. அதுலே வெட்கப்பட என்ன இருக்கு?" என்றார் அவர். நான் மாப்பிள்ளை கட்சி. வெட்கம் என்று ஒன்றை மறைத்து வைத்தால், மறைத்ததாலேயே அது வெட்கமாகிவிடுகிறது. ஊருக்கு வந்ததும் கும்பகோணத்துக்குப் போய், கிடங்கு, பெட்டி, ராத்திரி, கட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். பின்வாசல் படியை மாத்திரம் சொல்லவில்லை. அது தாயார் அறிய வேண்டிய விஷயம் அல்ல.

அக்காள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?" என்றாள்.

"அங்கே மூணு மணிக்கு."

"நம்ம மணி சொல்லு."

"பத்தரை."

அது முதல் அவள் காலை ஆறு மணிக்கு டெலிபோனைத் தொடுவதில்லை. பத்தரைக்கு மேல் கூப்பிடுகிறாள், அதுவும் மாப்பிள்ளையை. மாவு பொங்கிற்றா என்று கேட்கிறாளாம். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். மறுநாள் அக்காள் ஒன்பதரைக்குக் கூப்பிட்டாள். இதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது; நான் சொல்லவில்லை.

மாப்பிள்ளை இப்போது பகலில் எழுதுகிறார். அங்கே எஞ்சினீயராக மதிக்கப்பட வேண்டுமென்றால் தாம் முன்னே செய்த வேலையைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதி எஞ்சினீயர்கள் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றில் 'நாங்கள் செய்தோம்' என்று எழுதக் கூடாதாம். 'நான் செய்தேன்' என்று வர வேண்டும். முதல் கட்டுரையை எனக்கு அனுப்பியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் 'நாங்கள்' என்று எழுதி, அடித்து, மேலே 'நான்' என்று திருத்தியிருந்தது. இங்கிலீஷ் எனக்கு அவ்வளவாக வராது. பம்பு சுத்தமாகத் தெரியாது. இரண்டு இடத்தில் மட்டும் அடிக்க மறந்திருந்ததைச் சுட்டிக்காட்டி எழுதினேன்.