புள்ளி வைத்த சுகர்

கடம்பத்தூர். காலை ஏழேகால். ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் கழுத்தில் அடையாள அட்டை. எதிர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஆயா. இன்னும் டீ குடிக்கவில்லை.

மடியில் சின்ன மீட்டர். சிங்கப்பூர் ஜூரோங்கில் வெல்டராக இருக்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்தது. ஆயா மோதிர விரலைப் பிதுக்குகிறார். நுனியில் குத்துவதில்லை, ஓரத்தில், வலி குறைவு. ஸ்ட்ரிப் ரத்தத்தை உறிஞ்சுகிறது. ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

9.4.

முகம் மலர்கிறது. ஆஸ்பத்திரியில் எப்போதும் 170, 180 என்பார்கள்.

நாற்காலிக்கு அடியில் மாத்திரை டப்பா. மெட்பார்மின் அட்டை ஆறு. முதல் அட்டையில் மட்டும் நாலு குழி காலி.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் பெண் வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். தோள் பையில் பி.பி. மெஷின், குளுக்கோமீட்டர், நோட்டு. டப்பாவைத் திறந்து பார்க்கிறார்.

“இன்னா ஆயா, மாத்திர அப்படியே கீது?”

“சுகரு எறங்கிடுச்சு கண்ணு. ஒம்போதுதான்.”

அவர் பதில் சொல்லவில்லை. பஞ்சால் இன்னொரு விரலைத் துடைக்கிறார். தன் மீட்டரில் பார்க்கிறார். 172.

இரண்டு மீட்டரும் நாற்காலிக் கைப்பிடியில் பக்கத்தில் பக்கத்தில். திரையின் மூலையில் பொடி எழுத்து. ஒன்றில் மில்லிகிராம், டெசிலிட்டருக்கு. மற்றதில் மில்லிமோல், லிட்டருக்கு. ஆயாவின் கண்ணாடி வீட்டுக்குள்ளே இருக்கிறது.

“வாழக்காய எண்ணியும் விக்கிறாங்க, எட போட்டும் விக்கிறாங்க இல்ல? சுகரும் அப்டித்தான். நம்ம ஊர்ல எட. சிங்கப்பூர்ல எண்ணிக்க,” என்கிறார் அந்தப் பெண்.

மலேசியா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவிலும் எண்ணிக்கைதான். இலங்கை, அமெரிக்கா, ஜப்பானில் எடை. எல்லா மருத்துவத்துக்கும் ஒரே அளவுமுறை வேண்டுமென்று உலக சுகாதாரப் பேரவை 1977-லேயே சொல்லியாயிற்று.

பிளஸ் டூ படிக்கும் பேத்தி வருகிறாள். ஜடை பாதி பின்னியிருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் குளுக்கோஸைப் பிரித்து எழுதுகிறாள். கார்பன் ஆறு, 72. ஹைட்ரஜன் 12. ஆக்ஸிஜன் ஆறு, 96. கூட்டினால் 180. லிட்டரில் பத்து டெசிலிட்டர். பத்தால் வகுக்கிறாள். 18. 9.4-ஐ அதால் பெருக்குகிறாள். 169.2. இரண்டு கோடு போடுகிறாள்.

மீட்டரைப் புரட்டி, அலகை மாற்றும் பொத்தானைத் தேடுகிறாள். இல்லை. முன்பு சில மீட்டர்களில் இருந்தது. தெரியாமல் மாறிப்போய், ஆட்கள் தப்பாகப் படித்தார்கள். இப்போது கம்பெனியிலேயே ஒரே அலகில் பூட்டி அனுப்புகிறார்கள்.

டப்பாவுக்குள் மடித்த லேப் சீட்டு. மூணு மாச டெஸ்ட்: 8.1. அதிலும் புள்ளி. பேத்தியின் பேனா அந்த எண்ணில் நிற்கிறது.

“அத பெருக்கக் கூடாது. அது சதவீதம்,” என்கிறார் அந்தப் பெண்.

போன் அடிக்கிறது. இங்கே ஏழரை, ஜூரோங்கில் பத்து, டீ நேரம். திரையில் மஞ்சள் ஹெல்மெட்.

“எவ்ளோமா?”

“நூத்தி எழுவத்தி ரெண்டாம்டா.”

ஹெல்மெட் அசையவில்லை. அங்கே வெறும் வயிற்றில் 7 எட்டினாலே சுகர் என்பார்கள்.

“மாமா, உங்க கணக்குல ஒம்போதர,” என்கிறாள் பேத்தி. இங்கே அந்த 7-தான் 126.

“ஒம்போதரயா? மாத்திர போடறியாமா?”

ஆயா டப்பாவைக் காலால் உள்ளே தள்ளுகிறார். தோள் பைக்காரர் குனிந்து அதை வெளியே இழுக்கிறார். முதல் அட்டையில் ஐந்தாவது மாத்திரையைத் தொட்டுக் காட்டுகிறார். டிபன் சாப்பிட்டதும்.

பேத்தி மீட்டரின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் ‘× 18’ என்று எழுதுகிறாள்.

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் கை வைத்து நிற்கிறார். கையில் அவருடைய மீட்டர். மருமகன் துபாயிலிருந்து அனுப்பியது.

“இதுல 150 காட்டுதும்மா. இதையும் பதினெட்டால பெருக்கணுமா?”

“புள்ளி இருக்குதாண்ணா?”

அவர் திரையை வெயிலுக்கு மறைத்துப் பார்க்கிறார்.

“இல்ல.”

“அப்போ பெருக்காதீங்க.” அந்தப் பெண் நோட்டில் அவருடைய பக்கத்தைத் தேடுகிறார். “சாப்டீங்களா, வெறும் வயிறா?”