டெலீட் அழுத்தும் முன்

அஸ்தம்பட்டியில் என் அக்கா மகள் தட்டுவடை செட் கடை போட்டாள். பெயர்ப் பலகைக்கு ஒருவர் லோகோ வரைந்து தந்தார். முழுப் பணமும் கொடுத்தாயிற்று. திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஃப்ளெக்ஸ் கடையில் ஃபைலைத் திறந்தால், படத்துக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் வரைந்தவர் பெயர்! மாதிரிக்கு அனுப்பிய ஃபைலையே மறுபடி அனுப்பிவிட்டார், மனுஷர்.

"வெள்ளையா ஒரு கட்டம் போட்டு மறைச்சுடலாம் சார்" என்றார் கடைப் பையன்.

"தட்டுவடையும் சேர்ந்து மறைஞ்சுடுமேப்பா!"

போட்டோ என்பது சட்னி மாதிரி. அரைத்த பிறகு மிளகாயைத் தனியாக எடுக்க முடியாது. வெக்டர் படம் தட்டுவடை செட். ஒவ்வொரு கோடும் வடிவமும் தனித்தனி அடுக்கு. மேலே இருப்பதை எடுத்தால் கீழே இருப்பது அப்படியே இருக்கும். கோரல் ட்ராவில் படத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-யு அழுத்தினால் குழு பிரியும். பெயரைத் தொட்டு டெலீட், அவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஜி. மசியவில்லையா? பூட்டியிருக்கிறதா, பவர்கிளிப்புக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சில ஃபைல்களில் வெக்டர் என்ற பெயரில் உள்ளே போட்டோதான் இருக்கும். அங்கே இந்த வித்தை பலிக்காது.

பையன் டெலீட்டில் விரல் வைத்தார். "இருப்பா" என்றேன்.

"அதான் காசு குடுத்தாச்சே மாமா?" என்றாள் இவள்.

காசு வேறு, உரிமை வேறு. 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். 2012-ல் சேர்த்த 65-பி பிரிவு இன்னும் கறார். படைப்பு யாருடையது என்று சொல்லும் அடையாளத்தைத் தெரிந்தே அனுமதியில்லாமல் நீக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் வேறு.

போன் போட்டேன். ஊரில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். "ஐயோ, தப்பு என்னுதுதான் சார், எடுத்துக்குங்க" என்றவர், உரிமையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அசல் தாள் பிறகு தபாலில் வந்தது.

டெலீட். இரண்டே வினாடி.

பக்கத்தில் பென் டிரைவோடு நின்றவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "நெட்ல எடுத்த படம், குறுக்க ஏதோ பேர் இருக்கு. இதையும் அப்படியே எடுத்துக் குடுங்களேன்" என்றார்.

அதே கன்ட்ரோல்-யு, அதே இரண்டு வினாடிதான். ஆனால் அவரிடம் தாள் இல்லை. முடியாது என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு கடை இருக்காதா என்ன?

படம் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாதிரி காட்டும்போது சட்னியாகவே அனுப்புங்கள். செட்டைக் காசு வந்த பிறகு கொடுக்கலாம்.