கடலோரம் நடக்க ஒரு திட்டம்

"ராமேஸ்வரத்துக்கா? போன வருஷம்தானே போய்த் தீர்த்தமாடிட்டு வந்தோம்!" என்றார் என் கணவர்.

"கோயிலுக்கு இல்லீங்க. தனுஷ்கோடியிலே கடலோரமா நடக்கப் போறோம்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏன், நடக்கிறதுக்கு இங்கே ரோடு இல்லையா?"

இருக்கிறது. நாகல் நகரிலிருந்து மலைக்கோட்டை அடிவாரத்துக்கு நானும் என் ஓரகத்தியும் எதிர்வீட்டு அக்காவும் தினமும் விடியற்காலையில் நடந்துகொண்டுதான் இருக்கிறோம். 'சர்க்கரை எல்லையிலே நிக்குது' என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பிடித்த பழக்கம். நடக்க நடக்க, இரண்டு பக்கமும் கடல் தெரிய ஒரு நாள் நடக்க வேண்டும் என்ற ஆசை மூன்று பேருக்குமே வந்துவிட்டது.

மகளின் செல்போனில் வழியைப் பார்த்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் திட்டம் எழுத ஆரம்பித்தேன். மதுரைக்குப் போய், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தையும் பார்த்த மாதிரி ஆயிற்று. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். 2017-ல் தார் ரோடு திறக்கும் வரை அங்கே மணலில்தான் போக வேண்டியிருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அழிந்த ஊரின் இடிந்த சர்ச்சும் ரயில் நிலையச் சுவர்களும் இன்னும் நிற்கின்றன. ஒரு பக்கம் அலையடங்கிய பாக் கடல், இன்னொரு பக்கம் சீறும் மன்னார் கடல்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம், மழையும் புயலும் வரும் காலம். தை அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் கூட்டம் தாங்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வார நாள் என்று குறித்தேன். சாப்பாட்டுக்கு முதல் நாள் புளியோதரை, உடுத்த சின்னாளபட்டிப் பருத்திச் சேலை, காலுக்குப் பழகிய செருப்பு. எல்லாம் எழுதி முடித்துவிட்டேன் என்று பெருமையோடு வாசித்துக் காட்டினேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மாமியார் நிமிராமலே ஒன்று கேட்டார்: "எல்லாம் சரி. அந்த மணக்காட்டுலே எங்கேடி ஒதுங்குவீங்க?"

என் நோட்டில் அதற்குப் பதில் இல்லை. மாமியாரே சொன்னார்: "கல்யாணமான புதுசுலே ராமேஸ்வரம் போனேன். ஆம்பளைங்ககிட்டே கேக்க வெக்கப்பட்டு நாள் பூரா ஒரு வாய் தண்ணி குடிக்கலே. ஈரச் சேலையோட மயங்கி விழுந்தேன். சாமி வந்துடுச்சுன்னு சொன்னாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பழனி பாதயாத்திரையில் நானும் அதையேதான் செய்தேன். வழியெல்லாம் நீர்மோர் கொடுத்தார்கள், வாங்கிக் குடிக்கவில்லை. மறுநாள் நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிர் ஜுரம். 'சூடு' என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்து மூன்று நாளை வீணாக்கினேன். "தண்ணியைக் குறைச்சதும் தப்பு, வந்ததை அடக்கினதும் தப்பு. உள்ளே தேங்கினால் கிருமி பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டை, அதனால் சீக்கிரம் மேலே ஏறும். ஜுரமும் முதுகு வலியும் வந்தால் சிறுநீரகம் வரை போயிருக்கலாம், உடனே வரணும்" என்றார் டாக்டரம்மா. பத்து நாள் மாத்திரை. அன்றைக்கும் வீட்டில் 'வெயிலில் நடந்தது ஒத்துக்கலை' என்றுதான் சொன்னேன்.

அன்றிரவே திட்டத்தைத் திருப்பி எழுதினேன். ஒன்பதரை கிலோமீட்டர் வேண்டாம். இடிந்த சர்ச்சிலிருந்து அரிச்சல்முனை வரை நாலரை கிலோமீட்டர் போதும், அதுவும் ஒரு வழிதான். நாள் முழுவதற்கும் ஒரு ஆட்டோ. தண்ணீர், உப்புப் போட்ட மோர், குடை, சாப்பாடு எல்லாம் அதில். விடுதியிலேயே போய்விட்டுக் கிளம்புவது. கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது, ரோடு எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று முதல் நாளே விசாரிப்பது. எதுவும் இல்லாத இடத்தில் மறைப்புக்கு இரண்டு பழைய புடவை. முனையில் யாரும் கடலில் இறங்கக் கூடாது, அங்கே குளிப்பது ஆபத்து. ஒருத்தி 'போதும்' என்றால் மூன்று பேரும் ஆட்டோவில் ஏறிவிடுவது.

காலையில் இதை வாசித்ததும் என் கணவர், "ஆட்டோவிலே இடம் இருக்கா?" என்றார். பதில் சொன்னது மாமியார்: "இல்லே. அதிலே நான் வாரேன்."

ஆக, இப்போது நாங்கள் நாலு பேர். தண்ணீர் பாட்டில் ஒவ்வொருத்திக்கும் தனித்தனி. காலியாகாமல் திரும்பி வருகிறவளுக்கு அபராதம் பத்து ரூபாய் என்று மாமியார் உத்தரவு. சகோதரிகளே, கோயிலோ கல்யாணமோ கடலோ, எங்கே கிளம்பினாலும் நோட்டின் முதல் வரியில் மாமியாரின் அந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். அதை வாய்விட்டுக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.