கம்பளம் போன வழியே துப்பாக்கியும்

அல்பனியில் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் கூடும் மாளிகையைக் கட்டி முடிக்க 32 ஆண்டுகள் பிடித்தன. அதே மாளிகையில் 2013 ஜனவரியில் ஒரு துப்பாக்கிச் சட்டம் ஓர் இரவும் அடுத்த பகலுமாக நிறைவேறி, ஆளுநரின் கையெழுத்தும் ஆகிவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

அந்த மாளிகையிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இலியன் என்ற சிற்றூர் இருக்கிறது. ரெமிங்டன் துப்பாக்கி பிறந்த ஊர். 2024 மார்ச்சில் அங்கே ஆலையை மூடிவிட்டு நிறுவனம் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய்விட்டது. அல்பனியில் கணினி வேலையில் இருக்கும் நண்பரிடம் அங்கே போகலாமா என்று கேட்டேன். "மூடின ஃபேக்டரியில பார்க்க என்னங்க இருக்கு? நயாகரா போகலாமே" என்றார். பிறகு அவரே கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

என் தலைமுறைத் தமிழர் பலருக்கு ரெமிங்டன் என்றால் துப்பாக்கி நினைவுக்கு வராது. தட்டச்சுப் பயிலகம்தான் வரும். ஓலைத் தடுப்புக்கும் தகரக் கூரைக்கும் கீழே வரிசையாக மேசைகள், லோயர், ஹையர் தேர்வுகள், விரல் பழகும்வரை ஓயாமல் அடித்த ஏஎஸ்டிஎஃப். அந்த இயந்திரங்களின் நெற்றியில் இருந்த பெயரும் இதே இலியனிலிருந்து வந்ததுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து துப்பாக்கி வாங்க ஆளில்லாமல் போனபோது ரெமிங்டன் தையல் இயந்திரமும் உழவுக் கருவிகளும் செய்து பார்த்தது. 1873-ல் கிறிஸ்டோபர் ஷோல்ஸின் கண்டுபிடிப்பைத் தயாரிக்க ஒப்பந்தம் போட்டது. தையல் இயந்திரம் செய்து பழகிய கைகள் ஆயிற்றே. முதல் தட்டச்சு இயந்திரத்தின் உடம்பில் பூ வரைந்து, மிதிகட்டையும் வைத்து விற்றார்கள்.

மோஹாக் ஆற்றங்கரையை ஒட்டி நெடுஞ்சாலை போகிறது. இலையுதிர் காலம். மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன. அப்பலாச்சிய மலைத்தொடரைக் குடைந்து கிழக்கையும் மேற்கையும் ஏறக்குறைய சமமட்டத்தில் இணைப்பது இந்த ஒரு பள்ளத்தாக்குதான். அதனால்தான் ஈரி கால்வாயை இதன் வழியாக வெட்டினார்கள். கால்வாய் 1825-ல் திறந்தது. கரையெங்கும் ஆலைகள் முளைத்தன.

முதலில் வருவது ஸ்கெனெக்டடி, ஜெனரல் எலெக்ட்ரிக் வளர்ந்த ஊர். அதன் தலைமையகம் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டது. அடுத்தது ஆம்ஸ்டர்டாம். அமெரிக்க வீடுகளின் தரையை மூடிய கம்பளங்களை நெய்த ஊர். ஆற்றோரம் செங்கல் ஆலைகள் இன்னும் நிற்கின்றன. சிலவற்றில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் பலகை அடித்திருந்தது. இங்கே பிறந்த மோஹாக் கம்பள நிறுவனம் பள்ளத்தாக்கின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தெற்கே போனது. இன்று அதன் தலைமையகம் ஜார்ஜியாவில், கால்ஹவுன் என்ற ஊரில் இருக்கிறது.

காரை ஓரங்கட்டி அந்தச் செங்கல் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அன்றைய பயணத்தின் கேள்வி எனக்குள் திரண்டது. துப்பாக்கிச் சட்டத்துக்கு அஞ்சி ரெமிங்டன் ஜார்ஜியாவுக்கு ஓடியது என்கிறார்கள். கம்பளம் எந்தச் சட்டத்துக்கு அஞ்சி ஓடியது?

இலியனில் 7,600 பேர் இருக்கிறார்கள். ஊருக்குள் நுழைந்ததுமே ஆலை தெரிகிறது. ஊரின் நடுவில், வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் இடையில், நான்கு மாடிச் செங்கல் கட்டடங்கள் தெருத்தெருவாக நீள்கின்றன. ஏறக்குறைய 10 லட்சம் சதுர அடி. ஒருபுறம் தொடங்கி மறுபுறம் நடந்து முடிப்பதற்குள் நண்பர் இரண்டு தொலைபேசி அழைப்புகளை முடித்துவிட்டார். வாகன நிறுத்துமிடத்தின் வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. காவலாளி ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நிற்க வேண்டாம் என்ற பொருளில்.

ஊருக்குத் தெற்கே மலையிடுக்கில் ஓர் ஓடை இறங்குகிறது. அங்கேதான் 1816-ல் எலிஃபலெட் ரெமிங்டன் என்ற இளைஞர் தந்தையின் உலைக்களத்தில் துப்பாக்கிக் குழல் அடித்ததாக நிறுவனம் தன் வரலாற்றைத் தொடங்குகிறது. கால்வாய் வந்ததும், சரக்கு அனுப்ப வசதியாக இருக்கும் என்று 1828-ல் தொழிலைக் கரைக்கு இறக்கினார். இலியனே ஓர் இடப்பெயர்வில் உண்டான ஊர்தான்.

பிறகு பலர் இழந்தது இந்த ஊருக்கு வந்தது. 2007-ல் செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ரெமிங்டனை வாங்கி, வேறு பல துப்பாக்கி நிறுவனங்களையும் ஒன்றுசேர்த்தது. மசாசூசெட்ஸின் கார்ட்னரில் ஓர் ஆலை, மெய்னின் விண்டமில் புஷ்மாஸ்டர் ஆலை, கனெக்டிகட்டின் நார்த் ஹேவனில் மார்லின் ஆலை என்று வரிசையாக மூடி, வேலையை இலியனுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஊர்களில் யாரும் துப்பாக்கிச் சட்டத்தைக் காரணம் சொல்லவில்லை. ஒரே கூரைக்குக் கீழே செய்தால் செலவு குறையும் என்றார்கள். அப்போது இலியனில் மகிழ்ச்சி.

சாண்டி ஹூக்கில் கொலையாளி கையில் இருந்தது புஷ்மாஸ்டர் துப்பாக்கி. அதன் பிறகு வந்த நியூயார்க் சட்டம், அந்த வகைத் துப்பாக்கிகளை மாநிலத்துக்குள் பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்தது. வெளியே அனுப்புவதற்காக இங்கே தயாரிப்பதை அது தடுக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் புதிய ஆலையை அறிவித்த ரெமிங்டன், புஷ்மாஸ்டர் உள்ளிட்ட இரண்டு தயாரிப்புப் பிரிவுகளை அங்கே மாற்றியது. அலபாமா அள்ளிக் கொடுத்த சலுகைகளும் அதற்கு ஒரு காரணம்.

இதில் சட்டத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. துப்பாக்கி வாங்குபவர்கள் சாதாரண வாடிக்கையாளர்கள் அல்லர். 2000-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கிளிண்டன் அரசோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, அவர்கள் அதைப் புறக்கணித்தே படுக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு நிறுவனம் அடிமாட்டு விலைக்குக் கைமாறியது. 2021-ல் அதே நிறுவனம் மசாசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து டென்னசிக்குத் தலைமையகத்தை மாற்றப்போவதாக அறிவித்தது. மாநிலத்தில் விற்கத் தடையுள்ள துப்பாக்கிகளை அங்கே தயாரிக்கவும் கூடாது என்ற மசோதா வந்திருக்கிறது, எங்கள் வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் அவற்றில்தான் வருகிறது என்றது. மசோதா சட்டமாகும்வரை அது காத்திருக்கவில்லை. கட்டுப்பாடுகள் உள்ள மாநிலத்தில் வரி கட்டிக்கொண்டிருப்பதே இந்தச் சந்தையில் ஒரு களங்கம்.

இலியனின் கதையில் அதற்கும் மேலே இரண்டு திவால்கள் இருக்கின்றன: 2018, 2020. இரண்டாவதில் ரெமிங்டன் துண்டு துண்டாக ஏலம் போனது. தோட்டாத் தொழில் ஒருவருக்கு, மார்லின் இன்னொருவருக்கு, இலியன் ஆலை மூன்றாமவருக்கு. 585 தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். 2021-ல் புதிய உரிமையாளர் திறந்தபோது சில நூறு பேர்தான் திரும்ப முடிந்தது. அந்த ஆண்டே, துப்பாக்கியால் விளையும் கேட்டுக்காகத் தயாரிப்பாளர் மீது வழக்குப் போட வழிசெய்யும் சட்டத்தை நியூயார்க் கொண்டுவந்தது. நவம்பரில் ஜார்ஜியாவின் லக்ரேஞ்சில் 10 கோடி டாலர் முதலீடு, 856 வேலைகள் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து இலியனை மூடப்போவதாகத் தொழிற்சங்கத்துக்குக் கடிதம் போனது. சட்டச் சூழல் கவலை தருகிறது என்றது கடிதம். பழைய கட்டடங்களை வைத்துக் காப்பாற்றக் கட்டுப்படியாகவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

மதியம் உணவகத்தில் சிக்கன் ரிக்கீஸ் சாப்பிட்டோம். காரமான பாஸ்தா, இந்த வட்டாரத்துக்கே உரியது. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஆலையில் 870 ஷாட்கனுக்குக் குழல் துளைத்தவர். அந்த ஒரு வகையில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கின்றன. ஆலையின் சங்கம் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "சட்டம்தானே துரத்தியது?" என்று கேட்டேன். முள்கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அல்பனிமேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் சங்கம் இல்லாத ஊரைத் தேடித்தான் போயிருக்கிறார்கள். என் தாத்தா காலத்திலும் இதையே சொல்லித்தான் மிரட்டினார்கள்."

1936-ஐச் சொல்கிறார். தட்டச்சு இயந்திரம் செய்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தில் இலியன் உட்படப் பல ஊர்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆலையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று பயம் காட்டி, ஊர்ப் பெரிய மனிதர்களையே தொழிலாளருக்கு எதிராக நிறுத்தியது நிர்வாகம். அந்த உத்திக்கு இந்தப் பள்ளத்தாக்கின் பெயரே நிலைத்தது. அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்று நூல்களில் அது மோஹாக் பள்ளத்தாக்குச் சூத்திரம்.

திரும்பும் வழியில் நண்பர் கேட்டார், "அப்ப அந்தச் சட்டம் சரியா தப்பாங்க?" அவருக்கு இரண்டாம் வகுப்பில் ஒரு மகள் படிக்கிறாள். பள்ளியில் துப்பாக்கிக்காரன் வந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூலையில் பதுங்கும் பயிற்சி அவளுக்குப் பழகிவிட்டது. சரி என்றுதான் சொன்னேன். ஓர் ஆலை போய்விட்டதை வைத்து அந்தச் சட்டத்தை எடைபோட முடியாது. செய்தது துப்பாக்கிதானே என்று இலியன்காரர்களின் இழப்பை அலட்சியப்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இரும்பைத் துளைக்கத் தெரிந்தவர்கள். ஒரு காலத்தில் அதே கைகள்தான் உலகத்துக்குத் தட்டச்சு இயந்திரம் தந்தன.

அல்பனியிடம் கேட்க வேண்டியது வேறு. சட்டம் போட்டபோதே, அடுத்து இந்தக் கைகளுக்கு என்ன வேலை என்று யோசித்திருக்க வேண்டாமா? லக்ரேஞ்சுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: வந்த ஆலை எத்தனை காலம் நிற்கும்? அதுவும் பழைய நூற்பாலை ஊர். பஞ்சாலைகள் வந்ததையும் போனதையும் பார்த்த ஊர். ஹன்ட்ஸ்வில்லில் ஏறத்தாழ இரண்டாயிரம் வேலை தருவதாகச் சொன்ன ரெமிங்டன், அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட வராமல் 2020 திவாலோடு அங்கேயும் கதவைச் சாத்தியது. இத்தனைக்கும் அலபாமாவில் அதைத் துரத்த எந்தச் சட்டமும் இருக்கவில்லை.