கரையே தெரியாத குளம்... ஓவியர் மோனே வீட்டுத் தோட்டத்தில் ஒளிந்திருக்கும் ரகசியம்!

வீட்டுத் தோட்டத்தில் குளம் வெட்டுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. பள்ளம் தோண்டி, கறுப்பு ஷீட் விரித்து, தண்ணீர் விட்டு, நாலு அல்லிக் கிழங்கைப் போட்டால் குளம் ரெடி. சிக்கல் அதன் பிறகுதான். தண்ணீருக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு அந்த ஷீட்டின் ஓரம் பல்லிளித்துக்கொண்டிருக்கும். எத்தனை பூ பூத்தாலும், வீட்டுக்கு வருபவர்களின் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான்!

அந்த ஓரத்தை மறைக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள ஏற்ற இடம், பிரான்ஸின் நார்மண்டி பகுதியில் இருக்கும் ஜிவெர்னி கிராமம். ஓவியர் கிளாட் மோனே வாழ்ந்த வீடும், அவர் தன் நிலத்தில் வெட்டிய அல்லிக் குளமும் இங்குதான் இருக்கின்றன. பாரிஸின் சான் லஸார் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் 50 நிமிடத்தில் வெர்னோன். அங்கிருந்து 5 கிலோமீட்டர் பஸ் பயணம். வாடகை சைக்கிளிலும் போகலாம்.

இளஞ்சிவப்புச் சுவர், பச்சை ஜன்னல் கதவுகள் என வீடே ஓவியம் மாதிரிதான் இருக்கும். வீட்டின் முன்னே இருக்கும் பூந்தோட்டத்தில் பாதைகளெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடுகின்றன. சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதற்குள் இறங்கி மறுபக்கம் ஏறினால், நேர்கோடு என்பதே கிடையாது. மூங்கில் புதர், சின்ன ஓடை, வளைந்து நெளியும் நடைபாதை. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான், பக்கத்தில் பளபளப்பது புல் அல்ல, தண்ணீர் என்றே தெரிகிறது.

எங்கே தரை முடிந்தது, எங்கே குளம் ஆரம்பித்தது? கண்டுபிடிப்பது கஷ்டம்.

இத்தனைக்கும் இது இயற்கையான குளம் இல்லை. 1883-ல் ஜிவெர்னிக்குக் குடிவந்த மோனே, 1890-ல்தான் அந்த வீட்டைச் சொந்தமாக வாங்கினார். 1893-ல், வீட்டுக்கு எதிரே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஈர நிலத்தையும் வாங்கினார். பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் குளத்துக்குக் கொண்டுவர அரசிடம் அனுமதி கேட்டார். கிளம்பியது எதிர்ப்பு!

ஊர்க்காரர்களுக்கு அந்த ஓடைதான் ஆதாரம். துணி துவைப்பதும், மாடுகள் குடிப்பதும் அந்தத் தண்ணீரில்தான். எங்கிருந்தோ வந்த ஓவியர் பெயர் தெரியாத வெளிநாட்டுச் செடிகளைத் தண்ணீரில் வளர்க்கப் போகிறார் என்றால் பயம் வரத்தானே செய்யும்? தண்ணீர் விஷமாகிவிட்டால் யார் பொறுப்பு? மோனேவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரையும் இன்ஜினீயர்களையும் திட்டி மனைவிக்குக் கடிதமே எழுதினார். கலை வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்தில் மோனே பக்கம் நின்று கிராமத்தைக் கிண்டல் செய்வது வழக்கம். ஆனால், ஊர்க்காரர்களின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பல மாத இழுபறிக்குப் பிறகு அந்த ஆண்டு ஜூலையில் அனுமதி கிடைத்தது.

அவர் வாங்கிப் போட்ட அல்லிகளுக்கும் ஒரு கதை உண்டு. குளிரைத் தாங்கும் ஐரோப்பிய அல்லி அதுவரை வெள்ளைதான். லத்தூர்-மர்லியாக் என்ற பிரெஞ்சு நர்சரிக்காரர் ஒட்டுக்கலப்பு செய்து மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு ரகங்களை உருவாக்கினார். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். 1894-ல் மோனே அவரிடம் செடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 1901-ல் மேலும் நிலம் வாங்கி, குளத்தைப் பல மடங்கு பெரிதாக்கினார்.

சரி, கரை எப்படி மறைந்தது? நின்று நிதானமாகப் பார்த்தால் பிடிபடும். தண்ணீரை ஒட்டிய சேற்றில் ஐரிஸ் செடிகள். அவற்றின் இலைகள் வாள்போல நிமிர்ந்து நிற்பதால் வேர் இருக்கும் இடம் தெரிவதில்லை. சில இடங்களில் குடைபோல விரிந்த பெரிய இலைச் செடிகள் தண்ணீர்மேல் கவிழ்ந்திருக்கின்றன. அதற்குப் பின்னால் அசேலியா, ரோடோடெண்ட்ரான் புதர்கள். மேலிருந்து வீப்பிங் வில்லோ மரக்கிளைகள் திரைச்சீலைபோல நீர்வரை தொங்குகின்றன. கீழிருந்து எழும்புவதும் மேலிருந்து இறங்குவதும் சந்திக்கும் இடத்தில் கரை காணாமல் போகிறது.

இதைவிடப் பெரிய தந்திரம் தண்ணீரில் இருக்கிறது. அல்லி இலைகள் குளம் முழுக்க அடைத்துக்கொள்ள இங்கே விடுவதில்லை. தோட்டக்காரர்கள் படகில் போய் ஓரங்களை வெட்டி, தனித்தனித் திட்டுகளாக வைக்கிறார்கள். நடுவிலும் ஓரத்திலும் வெறும் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். கரையில் நிற்கும் ஐரிஸ் அதில் தலைகீழாகத் தெரியும். நிஜச் செடி எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண் குழம்பிவிடுகிறது. செடி வைப்பதோடு, செடி வைக்காத இடத்தையும் காப்பாற்றினால்தான் இந்த மாயம் பலிக்கும். மோனே காலத்திலேயே இதற்கென்று தனியாக ஒரு தோட்டக்காரர் இருந்தார். சாலைப் புழுதி இலைகளில் படிகிறது என்று, அந்தச் சாலைக்குத் தார் போட மோனே பணம் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஷீட் விரித்த வீட்டுக் குளத்துக்கு இதை அப்படியே காப்பியடிக்க முடியாது. ஜிவெர்னியில் மண்ணே ஈரம். ஷீட் போட்ட குளத்தில் கரை மண் காய்ந்து கிடக்கும். அதனால் தோண்டும்போதே ஓரத்தில், நீர்மட்டத்துக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் கீழே ஒரு படி விட்டுவிட வேண்டும். ஐரிஸ், வசம்பு போன்ற செடிகளைத் தொட்டியோடு அதில் இறக்கினால், அவை தண்ணீருக்குள்ளிருந்தே எழும்பி ஷீட்டை மறைக்கும். ஒரு பக்கம் சரிவாக விட்டு, பெரியதும் சிறியதுமாகக் கூழாங்கல் கொட்டலாம். இன்னொரு பக்கம் தட்டைக் கல்லைத் தண்ணீர்மேல் சில சென்டிமீட்டர் நீட்டி வைக்கலாம். அதன் நிழலில் ஷீட் தெரியாது. வெயில் படாததால் சீக்கிரம் வெடிக்கவும் செய்யாது. ஒரே அளவுக் கற்களைச் சுற்றிலும் அடுக்குவது மட்டும் வேண்டாம். குளத்துக்குப் பாசிமணி மாலை போட்டதுபோல இருக்கும்!

பலர் கோட்டை விடுவது ஷீட்டின் நுனியில்தான். மறைக்கும் அவசரத்தில் அதை மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். அப்போது சுற்றியுள்ள மண் விளக்குத் திரிபோலத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளம் ஓட்டை என்று ஆள் கூப்பிட்டுத் தேடினாலும் ஓட்டை கிடைக்காது. நுனி, கல்லுக்குப் பின்னால் நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு யோசனையும் தேவை. கரை தெரியாத குளம் பெரியவர்களுக்கு அழகு. ஓடி விளையாடும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது தரை. வீட்டைப் பார்த்த பக்கத்தையாவது பளிச்சென்று தெரியும்படி, வேலியோடு விடுவது நல்லது.

ஜிவெர்னி குளம் ஒருமுறை செத்துப் பிழைத்தது. 1926 டிசம்பரில் மோனே இறந்தார். தோட்டத்தைக் கவனித்துவந்த மருமகள் பிளான்ஷ் 1947-ல் காலமானதும், செடிகள் கேட்பாரற்றுப் போயின. மகன் மிஷெல் 1966-ல் கார் விபத்தில் இறந்தபோது சொத்து பிரான்ஸின் நுண்கலை அகாடமிக்கு வந்தது. 1977-ல் ஜெரால்ட் வான் டெர் கெம்ப் பொறுப்பேற்றபோது பாலம் மக்கிக் கிடந்தது, ஸ்டூடியோவுக்குள் மரங்கள் முளைத்திருந்தன. குளத்தையே மறுபடி தோண்ட வேண்டியிருந்தது. 1980-ல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்று பயணிகள் பார்ப்பது மறுபடி கட்டிய பாலம், மறுபடி வெட்டிய கரை. அது துளியும் தெரியவில்லை என்பதுதான் ஆச்சர்யம்.

கரையை மறைக்கும் வேலையை மோனே தோட்டத்தோடு நிறுத்தவில்லை. 1900-ஐ ஒட்டி வரைந்த படங்களில் பாலம், புதர், கரை எல்லாம் இருக்கும். அடுத்த சில ஆண்டுகளில் கரை, படத்தின் மேல் விளிம்பில் மெல்லிய பட்டையாகச் சுருங்குகிறது. பிறகு அதுவும் இல்லை; தண்ணீர், அல்லி, வானத்தின் நிழல் மட்டுமே. 1909-ல் அப்படிப்பட்ட 48 படங்களை பாரிஸில் காட்சிக்கு வைத்தார். கண்புரையோடு போராடிக்கொண்டே வரைந்த பிரமாண்ட அல்லி ஓவியங்கள், பாரிஸின் ஒராஞ்சரி மியூசியத்தில் இரண்டு நீள்வட்ட அறைகளில் இருக்கின்றன. நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால் குளத்துக்குள்ளேயே நிற்பதுபோல இருக்கும். ஜிவெர்னி போகிறவர்கள் ஒராஞ்சரியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜிவெர்னி தோட்டம் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரைதான் திறந்திருக்கும். பாலத்தின்மேல் விஸ்டீரியா பூப்பது மே மாதத்தை ஒட்டி. அல்லிக்கு ஜூலை, ஆகஸ்ட். செல்ஃபி கூட்டம் மொத்தமும் பாலத்தில்தான் நிற்கும். கரையைப் பார்க்க வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் வில்லோ மரத்தடிக்குப் போய்விடுங்கள். காற்று இல்லாத காலை நேரமாக இருந்தால் இன்னும் நல்லது.